எட்டு மணி யாருக்கு?

(சமூகத் தொலைக்காட்சியின் விதிகள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1966 பிப்ரவரி. அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு வியட்நாம் போரைப் பற்றி விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. ஜார்ஜ் கென்னன் என்ற மூத்த ராஜதந்திரி சாட்சி சொல்ல வந்தார். அந்த நேரத்தில் சி.பி.எஸ். நிறுவனம் ‘ஐ லவ் லூசி’ என்ற பழைய நகைச்சுவைத் தொடரை மறுஒளிபரப்புச் செய்தது. சி.பி.எஸ். செய்திப் பிரிவின் தலைவராக இருந்தவர் பிரெட் பிரெண்ட்லி. சில நாட்களிலேயே அவர் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

கென்னனின் பேச்சுக்கு யாரும் தடை போடவில்லை. ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை. அட்டவணையில் இடம் தரவில்லை, அவ்வளவுதான். தணிக்கை என்றால் கத்தரிக்கோலோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தொலைக்காட்சியில் பெரும்பாலும் அந்த வேலையை நிகழ்ச்சி நிரல்தான் செய்கிறது.

இந்த பிரெண்ட்லி அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம்தான் நம் கதைக்குத் தேவை. நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே, நகருக்குள் வரப்போகும் கேபிள் தொலைக்காட்சியை எப்படி அனுமதிப்பது என்று ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்தார். தலைவர் பிரெண்ட்லி. கேபிள்காரர்கள் நகரத்தின் தெருவைத் தோண்டித் தொழில் செய்யப்போகிறார்கள், தெரு பொதுச்சொத்து, ஆகவே சில சேனல்களைப் பொதுமக்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கட்டும் என்பது அப்போது உருவான வாதம். 1970-இல் மன்ஹாட்டனில் இரண்டு நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தபோது இந்த நிபந்தனையும் அதில் ஏறியது. 1971 ஜூலை 1 அன்று பொதுமக்கள் சேனல்கள் ஓடத் தொடங்கின. அதற்கு முன்பே, 1968-இல், வர்ஜீனியா மாநிலத்தின் டேல் சிட்டி என்ற சிற்றூரில் ஊர்க்காரர்களே ஒரு கேபிள் சேனலை நடத்திப் பார்த்திருந்தார்கள். ஆனால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற கதவு பெருநகரத்தில் திறந்தது மன்ஹாட்டனில்தான்.

கனடாவிலிருந்து வந்த பங்கையும் சொல்ல வேண்டும். அங்கே தேசியத் திரைப்பட வாரியம் ‘மாற்றத்துக்கான சவால்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடத்தியது. மக்களைப் பற்றிப் படம் எடுப்பதை விட்டு, மக்களோடு சேர்ந்து எடுப்பது அதன் வழி. அதில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டோனி அமெரிக்கா திரும்பி, ரெட் பர்ன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1971-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையத்தைத் தொடங்கினார். தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய சோனி போர்ட்டபேக் வீடியோ கருவி அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சந்தைக்கு வந்திருந்தது. கருவி வந்தது, சேனல் வந்தது, பயிற்சி கொடுக்க ஆளும் வந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. எல்லோரும் வந்தால் எட்டு மணியை யாருக்குக் கொடுப்பது?

1972-இல் அமெரிக்காவின் மத்திய தகவல் தொடர்பு ஆணையம், அதாவது எஃப்.சி.சி., இதற்கு ஒரு பதில் எழுதியது. நாட்டின் நூறு பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் புதிதாக வரும் கேபிள் அமைப்புகள் பொதுமக்களுக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று என்று சேனல்களை ஒதுக்க வேண்டும். பொதுமக்கள் சேனலில் முதலில் வந்தவருக்கு முதலிடம், பாரபட்சம் கூடாது. ஸ்டூடியோவிலிருந்து நேரலையாக ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் பேசுபவரிடம் தயாரிப்புச் செலவு வாங்கக் கூடாது. விளம்பரம், லாட்டரிச் செய்தி, ஆபாசம் மூன்றும் கூடாது. இதோடு ஒரு சின்ன விதி இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நேரம் கேட்டு வந்த எல்லோருடைய பெயரும் முகவரியும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அதை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும்.

நேரம் கிடைத்தவர்களின் பட்டியல் எங்கும் இருக்கும். கேட்டவர்களின் பட்டியல் இருந்தால்தான் யாருக்குக் கிடைக்கவில்லை என்பது தெரியும். பாரபட்சம் காட்டாதே என்று புத்தி சொல்வதோடு நிற்காமல், காட்டினால் மாட்டிக்கொள்ளும்படி ஏட்டையும் வைத்தார்கள்.

இந்த வகை விதிகள் ஏழாண்டுதான் நிலைத்தன. 1979-இல் உச்ச நீதிமன்றம், மிட்வெஸ்ட் வீடியோ வழக்கில், இப்படிக் கட்டளையிட ஆணையத்துக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரத்துசெய்தது. பிறகு 1984-ஆம் ஆண்டு கேபிள் சட்டம் வந்தது. உரிமம் தரும் நகரமே ஒப்பந்தத்தில் இத்தகைய சேனல்களைக் கேட்டு வாங்கலாம். கேபிள் நிறுவனம் அவற்றின் உள்ளடக்கத்தில் கைவைக்கக் கூடாது. நகரம் வாங்கும் உரிமக் கட்டணம் வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்று ஊருக்கு ஊர் விதிகள் வேறுபடுவதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். நாடு முழுதுக்கும் ஒரே விதிப்புத்தகம் கிடையாது. ஓர் ஊரில் நகராட்சி நடத்தும், இன்னோர் ஊரில் லாப நோக்கமற்ற சங்கம் நடத்தும், வேறோர் ஊரில் நூலகமோ கல்லூரியோ நடத்தும்.

ஆனாலும் பல ஊர்களின் விதித்தாள்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒரே குடும்பத்து முகஜாடை தெரியும். நீங்கள் அந்த ஊரில் குடியிருப்பவராகவோ, வேலை பார்ப்பவராகவோ, படிப்பவராகவோ இருக்க வேண்டும். வெளியூர்க்காரர் எடுத்த படம் என்றால் உள்ளூர்க்காரர் ஒருவர் அதைத் தன் பெயரில் ஒப்படைக்க வேண்டும். கருவி இலவசம், ஆனால் பயிற்சி வகுப்பில் தேறியிருக்க வேண்டும். நிகழ்ச்சியை ஒளிபரப்புக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். முன்பு கேசட், பிறகு டிவிடி, இப்போது இணையம் வழியாக ஏற்றும் கோப்பு. அரை மணி நிகழ்ச்சி என்றால் இருபத்தெட்டு நிமிடம், அல்லது அதற்குச் சற்று மேல். மிச்ச நேரத்தில், ‘இதில் வரும் கருத்துகளுக்கு நிலையம் பொறுப்பல்ல’ என்ற அறிவிப்பும் அடுத்த நிகழ்ச்சிக்கான இடைவெளியும் போகும்.

படிவத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு கையெழுத்து. அங்கேதான் படிவத்தின் முழுக் கனமும் இருக்கிறது. பாட்டுக்கு உரிமை வாங்கிவிட்டேன், படத்தில் வருபவர்களின் சம்மதம் பெற்றுவிட்டேன், அவதூறு இல்லை, ஆபாசம் இல்லை, வழக்கு வந்தால் நானே பொறுப்பு என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கிறார். இது சாதாரண மனிதரை மிரட்டும் தாள் என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நிலையம் பொறுப்பேற்றால் நிலையம் படத்தைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் வெட்டத் தோன்றும். பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் விட்டதால்தான் ஊழியர்கள், ‘ஒலி சரியாக இருக்கிறதா, நேரம் சரியா’ என்பதோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது.

விளம்பரத் தடையில் நுணுக்கம் அதிகம். பேக்கரிக்காரர் உங்கள் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தால் முடிவில் அவர் கடைக்கு நன்றி சொல்லலாம். கேக்கின் விலையைச் சொல்லக் கூடாது, வாங்குங்கள் என்று அழைக்கக் கூடாது. மதப் பிரசங்கம் செய்யலாம்; திரையில் நன்கொடை கேட்கலாமா என்றால் ஊருக்கொரு விதி. தேர்தலில் நிற்பவர் நிகழ்ச்சி நடத்தலாமா என்பதும் அப்படித்தான்.

தரம் என்ற சொல் நுழையும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஒலி கேட்க வேண்டும், படம் தெரிய வேண்டும் என்பது நியாயம். ‘நல்ல நிகழ்ச்சிகளுக்கு நல்ல நேரம்’ என்று யாராவது எழுதினால், உடனே அந்த நல்லதைத் தீர்மானிக்க ஒரு நாற்காலி போட்டாக வேண்டும். அந்த நாற்காலி ஒருபோதும் காலியாக இருக்காது.

இனி அட்டவணைக்கு வருகிறேன். ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் இருந்தாலும், எல்லோரும் கேட்பது மாலை ஏழிலிருந்து பத்து வரைதான். வாரம் ஏழு நாளும் சேர்த்தால் அரை மணி நிகழ்ச்சிகளுக்கு நாற்பத்திரண்டு இடம். இதற்குள் தேவாலயம், கறுப்பின மக்களின் சங்கம், மேசை முன் உட்கார்ந்து நகரசபையைத் திட்டுபவர், பள்ளிக் கூடைப்பந்து, சமையல் எல்லாம் அடங்க வேண்டும்.

முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நம் ஊர் ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வேலையில்லாமல் ஓர் ஆள் இருந்தால் விடியற்காலையில் பையை வைத்து இடம் பிடிக்கலாம். இரவு ஷிப்ட் முடித்து வருகிற பெண் கடைசியில்தான் நிற்க வேண்டும். வரிசை யாரையும் பாரபட்சமாக நடத்துவதில்லை. ஆனால் வரிசைக்கு வரும் வசதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அமெரிக்க நிலையங்களிலும் இதுதான் நடந்தது. அலுவலகமும் ஆள்பலமும் உள்ள அமைப்புகள் முதல் நாளே வந்து நல்ல நேரத்தைப் பிடித்தன. பிடித்ததை விடவும் இல்லை.

இதற்குக் கண்ட மருந்துகள் பல. ஆண்டை நான்காக, பதின்மூன்று வாரப் பருவங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு தயாரிப்பாளருக்கு முதன்மை நேரத்தில் ஓர் இடத்துக்கு மேல் இல்லை. புதுப் பகுதி வரவில்லை என்றால் பழையது ஓடும். அதே கதை சில முறை தொடர்ந்தால் இடம் பறிபோகும். உள்ளூரில் எடுத்தது முதலில், வெளியிலிருந்து வந்தது பிறகு. ஒரே நேரத்துக்கு இருவர் கேட்டால் சீட்டுக் குலுக்கல்.

எனக்குப் பிடித்தது குலுக்கல்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறையைப் படித்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. சீட்டுக்கு உறவும் தெரியாது, கொள்கையும் தெரியாது. தோற்றவர் அடுத்த பருவத்தில் மறுபடி வரலாம். அதற்குப் பருவம் என்று ஒன்று இருக்க வேண்டும். பருவ வரம்பில்லாத இடத்தில் குலுக்கல் போட்டால் அது ஒருமுறை அடித்த அதிர்ஷ்டமாகவே நின்றுவிடும்.

பின்னிரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயது வந்தோருக்கானது என்று தயாரிப்பாளரே குறித்துக் கொடுத்தால் பதினொரு மணிக்குப் பிறகு என்பது பல ஊர்களின் வழக்கம். 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம், அநாகரிகமானவை என்று கேபிள் நிறுவனம் கருதும் நிகழ்ச்சிகளைப் பொதுமக்கள் சேனலிலிருந்து அதுவே தடுக்கலாம் என்று சட்டம் செய்தது. 1996-இல் டென்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அடித்துவிட்டது. நேரத்தை மாற்றுவது வேறு, நிறுத்துவது வேறு. ஆனாலும் பின்னிரவு என்றால் குப்பை என்று நினைக்க வேண்டாம். 1978 முதல் 1982 வரை கிளென் ஓ’பிரையன் மன்ஹாட்டனில் நடத்திய ‘டிவி பார்ட்டி’யில், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியர் பாஸ்கியா வந்து உட்கார்ந்திருக்கிறார். எந்தத் தரக் குழுவும் அந்த நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்திருக்காது.

இப்போது கசப்பான பகுதி. 1980களில் டாம் மெட்ஸ்கர் என்ற இனவெறியர் ‘ரேஸ் அண்ட் ரீசன்’ என்ற நிகழ்ச்சியைத் தயாரித்தார். அதன் கேசட்டுகளை ஊர் ஊராக ஆதரவாளர்கள் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு அதைப் பொதுமக்கள் சேனலில் போடக் கேட்டது. உள்ளூரில் தயாரித்தது அல்ல என்று பதில் வந்தது. சரி, உள்ளூரிலேயே எடுக்கிறோம், பயிற்சிக்கும் வருகிறோம் என்றார்கள் கிளான்காரர்கள். நிலையம் இருந்தது கறுப்பின மக்கள் வாழும் பகுதியில். கோபமும் அச்சமும் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1988-இல் நகரசபை ஒரு முடிவெடுத்தது. கிளானைத் தடுக்க வழியில்லையா, சேனலையே எடுத்துவிடுவோம். கிளான் நீதிமன்றம் போனது. 1989-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. பிறகு நகரம் இறங்கிவந்து சேனலைத் திரும்பக் கொடுத்தது.

உள்ளூர்த் தயாரிப்புக்கு முன்னுரிமை என்று சற்று முன் நான் மருந்தாகச் சொன்ன விதியே இங்கே முதல் தடுப்புச் சுவராக நின்றதைப் பாருங்கள். விதி நல்லது, ஒருவரைத் தடுக்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு அதைத் தேடிப் பிடித்தது தவறு. பல ஊர்களில் வேறு வழி கண்டார்கள். நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள், அதற்கு முன்பும் பின்பும் மனித உரிமை அமைப்புகள் விண்ணப்பித்து நேரம் வாங்கி மறுப்புச் சொன்னன. வெறுப்புப் பேச்சால் அடிபடுபவரிடம் போய், நீங்களும் ஒரு நிகழ்ச்சி நடத்திப் பதில் சொல்லுங்கள் என்பது எளிதான உபதேசம் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைப்பது நியாயமில்லைதான். ஆனாலும் சேனலையே மூடியபோது கிளானோடு சேர்ந்து தேவாலயமும் கூடைப்பந்தும் கறுப்பின மக்களின் நிகழ்ச்சிகளும்தான் போயின. அதனால் நகரசபையின் முடிவு தவறு என்பது என் கட்சி.

அடுத்த கதையில் கிளான் போன்ற வில்லன் யாரும் இல்லை. டீடீ ஹாலெக் 1981-இல் ‘பேப்பர் டைகர்’ என்ற நிகழ்ச்சியை மன்ஹாட்டன் பொதுமக்கள் சேனலில் தொடங்கியவர். இந்த இயக்கத்தின் மூத்தவர்களில் ஒருவர். 2012-இல் அவரும் கவிஞர் பபோலெட்டோ மெலண்டெஸும், சேனலை நடத்தும் மன்ஹாட்டன் நெய்பர்ஹுட் நெட்வொர்க் கிழக்கு ஹார்லெம் மக்களைப் புறக்கணிக்கிறது என்று ஒரு படம் எடுத்து, அதே நெட்வொர்க்கிடம் ஒப்படைத்தார்கள். படம் ஒளிபரப்பாகிவிட்டது. அதுவரை விதி வென்றது. பிறகு புகார்கள் எழ, இருவரையும் நிலையம் தன் வசதிகளிலிருந்து விலக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜூன் 17 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நீதிபதி கவனா எழுதிய தீர்ப்பில், இந்தச் சேனலை நடத்துவது தனியார் அமைப்பு, அரசுக்கு உரிய பேச்சுரிமைக் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தாது என்றார்கள். நகரத்தின் சேனலை நகரத்துக்காக நடத்துகிற அமைப்பு அரசின் கடமையைத்தான் செய்கிறது என்று நீதிபதி சோட்டோமேயர் மறுத்து எழுதினார்.

நான் சோட்டோமேயர் பக்கம். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். அதற்குப் பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது. அரசியல் சாசனம் வந்து காப்பாற்றும் என்று தனியார் சங்கம் நடத்தும் சேனலில் நம்பிக்கொண்டிருக்க முடியாது. மாநில விதியும் உரிம ஒப்பந்தமும் நிலையத்தின் விதித்தாளும்தான் மிச்சம். நியூயார்க் மாநில விதிகளில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற வாசகம் இருக்கிறது. இல்லாத ஊரில், தயாரிப்பாளர் கையில் எதை வைத்து வாதாடுவார்?

யூடியூப் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று உங்களில் பாதிப்பேர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நியாயமான கேள்வி. யூடியூபில் யாரும் உங்களை வரிசையில் நிற்கச் சொல்வதில்லை. ஏற்றுகிறீர்கள், ஏறிவிடுகிறது. ஆனால் உங்கள் வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் விதி உங்களுக்குத் தெரியுமா? அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களா? மேல்முறையீடு யாரிடம்? 1966-இல் பிரெண்ட்லிக்கு முடிவெடுத்தவர் யார் என்றாவது தெரிந்திருந்தது; ராஜினாமாவைக் கொடுக்க முடிந்தது.

பொதுமக்கள் சேனல்களுக்கு யூடியூபைவிடப் பெரிய இடி பணத்தில் விழுந்திருக்கிறது. பல நிலையங்களை நடத்த உதவும் உரிமக் கட்டணத்தின் 5 சதவீத உச்சவரம்பு கேபிள் தொலைக்காட்சி வருமானத்தின் மீதுதான். அதே கம்பியில் ஓடும் இணையத்தின் வருமானம் கணக்கில் வராது. மக்கள் கேபிள் இணைப்பைத் துண்டிக்கத் துண்டிக்க நிலையங்களின் நிதி கரைகிறது. 2005-இல் டெக்சாஸும் 2006-இல் கலிபோர்னியாவும் உரிமம் தரும் அதிகாரத்தை நகரத்திடமிருந்து மாநிலத்துக்கு மாற்றின. அந்த மாற்றத்துக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸின் பொதுமக்கள் ஸ்டூடியோக்கள் 2008 முடிவோடு மூடப்பட்டன.

நம் நாட்டில் இப்படி ஒரு சேனலுக்குச் சட்டமே இல்லை. 1995-ஆம் ஆண்டு கேபிள் சட்டம் தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்டச் சொல்கிறது. ஊர்க்காரனுக்கு ஒரு சேனல் கேட்கவில்லை. ஆனால் அதே 1995-இல்தான் நம் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்த வாதத்தின் பலனாக நமக்குக் கிடைத்தது சமுதாய வானொலி. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். நாட்டிலேயே முதலாவது. 2006-ஆம் ஆண்டுக் கொள்கை, நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்றது. அந்த மக்களில் யாருக்கு எந்த நேரம் என்பதை உரிமம் வாங்கிய நிறுவனமே முடிவுசெய்கிறது.

இங்கே சமுதாய வானொலி நடத்தும் நண்பர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புது மைக் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். நேரம் கேட்டு வந்தவர் பெயர், கேட்ட தேதி, கொடுத்த நேரம், கொடுக்கவில்லை என்றால் காரணம் என்று நான்கு கட்டம் போடுங்கள். அதை நிலையத்தின் வாசலில், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி வையுங்கள்.